குண்டானுக்குள் துண்டு

ரிப்பேர் வேலை பாக்கி இருக்கும்வரை அந்தத் தானியங்கி வீடு கார் ஷெட்டைத் திறக்காது. உள்ளே ஞானசேகரன் ஆசை ஆசையாய்ச் சேர்த்த மூன்று பழைய கார்கள். அடுக்களைக் கூரையோ, அவர் அடைக்க அடைக்க வேறிடத்தில் ஒழுகியது. சொட்டுகிற சத்தம் வீட்டின் காதுக்குத் தப்பாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, “ஒழுகல் நின்றுவிட்டது. ஷெட் திறந்திருக்கிறது” என்றது வீடு.

அன்று அவர் இன்னும் கை வைக்கவே இல்லையே. அடுக்களைக்குப் போய்ப் பார்த்தார். மழை விட்டும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. கீழே குண்டானுக்குள் மடித்த துண்டு, சத்தமே எழவில்லை.

“மெதுவா, வீட்டுக்குக் கேட்டுரும்” என்று கிசுகிசுத்தாள் மனைவி பூங்கோதை. “நனைய நனைய நான் பிழிஞ்சு போட்டுக்கறேன். நீங்க போய் வண்டியப் பாருங்க.”

ஷெட்டுக்குப் போனவர் மூன்றையும் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு தானே கதவைச் சாத்திவிட்டு, சிமெண்ட் வாளியோடு மாடிப்படி ஏறினார்.