டீச்சர் வாங்கிய எக்கோ

ஹட்டனில் இன்சாப் நானாவின் இசைக்கருவிக் கடைக்குள் ஜொய்சி டீச்சர் தயங்கித் தயங்கி நுழைந்தார்.

"ஸ்டீல் கிட்டாருக்கு, சத்தத்த அழகாக்கிக் குடுக்குற எஃபெக்ட்ஸ் பெட்டி ஒண்ணு வேணும் நானா. பதினஞ்சாயிரத்துக்கு மேல முடியாது."

"வீட்ல சாருக்கா, டீச்சர்?"

"வாசிக்கிறவருக்குத் தெரியாம வாங்குறேன். நீங்களே பாத்துக் குடுங்க."

"அப்ப எல்லாம் சேந்த பெட்டி வேணாம். பாதிச் சத்தம் ஸ்டீல் கிட்டாருக்குத் தேவைப்படாது. எக்கோ மட்டும் உள்ள இது போதும்."

இன்சாப் அதில் ஒரு கிட்டாரை மாட்டிக் கம்பியைத் தட்டினார். ஓசை கடை முழுக்க மிதந்து மெல்லத் தேய்ந்தது.

"இதே விலைக்கு இன்னொண்ணு இருக்கு. ஹெட்போன் போட்டுக்கலாம், வெளிய கேக்காது."

"ஐயோ, வெளிய கேக்கணும் நானா!"

"தோட்டத்து லய வீடுங்க எல்லாம் ஒட்டி ஒட்டித்தானே இருக்கு, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வரமாட்டாங்களா?"

"வந்தாச்சு. தகரத்தச் சொரண்டுற மாதிரி இருக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியாச்சு. அன்னைக்கு கிட்டாரை மூடி வச்சவருதான், மூணு வாரமாத் தொடவே இல்ல."

"சே! இப்பிடியும் மனுசங்களா? யாரு டீச்சர் அது?"

ஜொய்சி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் நானா. செபமாலை அண்ணன் வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவருதான். இப்ப அந்தச் சத்தம் இல்லாம எனக்கு வீட்ல இருப்புக் கொள்ளல."

இன்சாப் சிரித்துக்கொண்டே எக்கோ பெட்டியைச் சுற்றிக் கொடுத்தார்.

பெட்டி செபமாலை அண்ணன் கைக்குப் போன அன்று மாலை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கிட்டார் ஓசை நீளமாக எழுந்தது. ஜொய்சி நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.