ஜல்லிக்கு என்ன நிறம்

இட்லித் தட்டின் நாலு குழியிலும் நாலு நிறத்தில் மணல் காய்ந்துகொண்டிருந்தது.

சாம்பல், கரி, டீ டிகாஷன், காவி.

நாகநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். தஞ்சாவூர் – நாகூர் பாதையில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது கூடத்தில், கதவு அகலப் பலகை ஒன்றின் மேல், பொம்மை ரயிலுக்குப் பாதை போடுகிறார். தண்டவாளம் பதித்தாயிற்று. ஜல்லி மட்டும் பாக்கி.

ஜல்லிக்காக ஆற்று மணலைச் சலித்துக் கொடுத்தது மனைவி வைரக்கண்ணு. ரவைச் சல்லடை இனி சமையலுக்கு ஆகாது என்று அலுத்துக்கொண்டதும் அவள்தான்.

அவர் சாம்பலைத் தொட்டுக் காட்டினார். இதுதான் அசல் நிறம், எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன் என்றார்.

வைரக்கண்ணு ஒப்புக்கொள்ளவில்லை. சாம்பல் ஓரத்துக்கு மட்டும்தான். நடுவில் எண்ணெய் சொட்டிச் சொட்டிக் கறுத்துக் கிடக்கும். இரும்பை ஒட்டின கல்லில் துருப் படிந்து காவியாக இருக்கும் என்றாள்.

டீ டிகாஷனை இருவருமே சீந்தவில்லை.

வண்டி ஓட்டினவனுக்குத் தெரியாதா என்று அவர் கேட்டார்.

“மேலேருந்து பார்த்தா எல்லாம் சாம்பலாத்தாங்க தெரியும். படுத்துப் பார்க்கணும்.”

அவள் படுத்துப் பார்த்தவள்.

கல்யாணத்துக்கு முன்னால், அவள் அப்பா உழுத குத்தகை நிலத்தை மிராசுதார் பிடுங்கிக்கொண்ட வருஷம், சங்கத்து ஆட்கள் திருவாரூருக்கு இந்தப் பக்கம் ரயிலை மறித்தார்கள். வண்டி ஊதிக்கொண்டு வந்ததும் கொடி பிடித்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். வைரக்கண்ணு மட்டும் தண்டவாளத்தில் கன்னத்தை வைத்தபடி கிடந்தாள்.

வண்டி நின்றது. நிலம் திரும்பவில்லை.

நாகநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இத்தனை காலமும் கேட்காததைக் கேட்டார்.

“நான் வந்து தூக்கினப்போ நீ கண்ணை மூடிக்கிட்டுல்ல கிடந்தே?”

வைரக்கண்ணு காவி மணலில் ஒரு கரண்டி அள்ளி, இரும்பை ஒட்டி மெல்லத் தூவினாள்.

“பிரேக் சத்தம் கேட்டதுமே தொறந்துட்டேன். முதல்ல இந்தக் கல்லைத்தான் பார்த்தேன். எஞ்சின்லேருந்து குதிச்சு நீங்க ஓடிவர்றதையும் பார்த்தேன். அப்புறந்தான் மூடிக்கிட்டேன்.”