தாமதமாக ஏறிய கட்டுரை

நாட்டின் மருத்துவ இதழ்களையெல்லாம் யாரும் இலவசமாகத் தேடிப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றும் அலுவலகத்தில் பூங்கோதை வேலை பார்த்தாள். ஒரு கட்டுரை ஏறியதும், அது முன்பே கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்களைக் கணினி தேடிப்பிடித்து, குடும்பத்தாருக்குச் செய்தி அனுப்பிவிடும். அது சட்டம்.

அன்று அவள் எடுத்தது, என்றோ நின்றுபோன ஒரு மாவட்ட மருத்துவர் சங்க இதழ். எதற்கும் அடங்காத வலிப்பு, மூன்று கைக்குழந்தைகளுக்குச் சாதாரண ஊசி ஒன்றில் நின்றதாக அதில் எழுதியிருந்தார்கள். அந்த வலிப்பில்தான் அவளுடைய இரண்டு மாதக் குழந்தை குயிலி போன ஆடியில் இறந்தாள்.

ஏற்றாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எங்கோ இன்னொரு குழந்தை துடித்துக்கொண்டிருக்குமே என்று நினைத்ததும், ஏற்றினாள்.

ஐந்தே நிமிடத்தில் கணவன் அருள்மணி அழைத்தான்.

“கோதை, நம்ம பாப்பாவுக்கு மருந்து இருந்துச்சாம். அந்தப் புத்தகம் அப்ப எங்க கிடந்துச்சாம்? உனக்குத் தெரியுமா?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“என் மேசையிலதாங்க. எழுத்து மங்கலா இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு நாந்தான் ஓரமா வச்சேன்.”

அவன் திட்டவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவன் விசும்புவது மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.