பளீலின் பெட்டியில் மட்டும்

"மச்சான், எஞ்சினை நிப்பாட்டு. பெருசு."

றீல் கிறீச்சிட்டது. பளீல் ஒரு கையால் தடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நூலையே பிடித்து இழுத்தான். அடியில் பாரைமீன் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது.

பட்டென்று நூல் தளர்ந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது பாரை.

பளீல் நூலைச் சுற்றி எடுத்து நுனியைப் பார்த்தான். முகம் கறுத்தது.

"இஞ்ச வா. என்ன தங்கூசி கட்டியிருக்காய்?"

எஞ்சினடியில் இருந்த காலிதீன் எழும்பவில்லை. பளீலின் தங்கை உம்முவைக் கட்டியவன். இரண்டு பேருக்கும் ஒரே போட். கடலுக்குப் போகுமுன் ஜிக் என்ற ஈயத் தூண்டில் கட்டுவது காலிதீனின் பொறுப்பு. கையளவு ஈயமீன், அதன் மேல் வளையத்தில் இரண்டு தூண்டில், அங்கிருந்து நூல் வரைக்கும் தடித்த நைலோன் நரம்பான தங்கூசி ஒரு பாகம். சாய்ந்தமருதில் அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக ஒருத்தரும் சொன்னதில்லை.

"உன்னோடதான் கதைக்கிறன்."

"மீன் பெருசு மச்சான். அறுத்துட்டுப் போயிட்டு."

"இந்தத் தங்கூசியில சின்ன மீன்தான் நிக்கும். உனக்கு அது தெரியாதா?"

பளீல் தன் ஜிக் பெட்டியைக் கவிழ்த்தான். ஒரு ஜிக்கை எடுத்துப் பலகை ஆணியில் கொளுவி இழுத்தான். தங்கூசி அறுந்தது. அடுத்ததும் அறுந்தது. பிறகு காலிதீனின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து இழுத்தான். ஆணிதான் வளைந்தது.

"உன்ட பெட்டிக்கு ஒரு தங்கூசி, என்ட பெட்டிக்கு இன்னொண்டா?"

காலிதீன் காலடித் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினான்.

வெள்ளிக்கிழமை பளீலின் மகள் நதீராவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் நிந்தவூர். "நானே புடிச்ச பாரைதான் உங்கட கல்யாணச் சாப்பாட்டுச் சஹன்ல இருக்கும்" என்று அவர்களுக்கு முன்னால் பளீல் வாய்விட்டிருந்தான். யார் கேட்டது? ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் சொன்னதை விடுகிற ஆளில்லை அவன். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்க, இன்றைக்கு விட்டால் இனிக் கடலுக்கு வர நேரமில்லை.

"எனக்கு விளங்குது," என்றான் பளீல். "உன்ட மகனுக்கு நதீராவைக் கேட்டாய். நான் குடுக்கல்ல. அந்த எரிச்சல் உனக்கு இன்னும் அடங்கல்ல. சம்பந்திக்கு முன்னால என்ட மூக்கு உடையணும். அதானே?"

"அப்பிடி நினைக்காத மச்சான்."

"அப்ப வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணு. தெரியாமத்தான் கட்டினன் எண்டு சொல்லு."

காலிதீன் எஞ்சினை விட்டு எழும்பினான்.

"தெரிஞ்சுதான் கட்டினன்."

பளீல் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். போட் ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் உள்ளே ஏறியது.

"கடலெண்டு பாக்கிறன். கரைக்கு வா."

காலிதீன் போட்டைக் கரைப் பக்கம் திருப்பினான்.

காலிதீன் பின்னால் வர, தன் வளவுக்குள் நுழைந்ததும் பளீல் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டிலிருந்து உம்மு ஓடிவந்தாள்.

"உன்ட புருசன் வெள்ளிக்கிழமை இந்த வாசலை மிதிக்கப்படா. நீ வாறதெண்டா தனிய வா."

"என்ன காக்கா இது? அவர் இல்லாம நான் எப்பிடி வாறது?"

"அப்ப நீயும் வராத."

உம்முவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபம் வந்தால் பளீலுக்குக் கூடப்பிறந்தவளும் ஒன்றுதான், றோட்டில் போகிறவளும் ஒன்றுதான்.

கதவுச் சீலையை விலக்கிக்கொண்டு நதீரா வெளியே வந்தாள்.

"மாமாவை ஏசாதீங்க வாப்பா."

"நீ உள்ள போ மகள். இது உனக்குத் தெரியாத கதை."

"எனக்குத் தெரியும்."

"வேணாம் புள்ள," என்றான் காலிதீன். "போன மீன் போகட்டும். ரெண்டு நாள் போனா வாப்பாக்குக் கோவம் ஆறிடும்."

"ஆறாது மாமா. மாமிய வராதயெண்டு சொல்லிட்டார்." நதீரா தகப்பனின் பக்கம் திரும்பினாள். "உங்கட ஜிக்குல சன்னத் தங்கூசி கட்டச் சொன்னது நான்தான். உங்கள்ட்ட சொல்லப்படாதெண்டு மாமாட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான்."

பளீல் மகளின் பக்கம் திரும்பினான்.

"நீயா? என்னத்துக்கு?"

"மீன் ஓடக்குள்ள நீங்க றீலை நம்பாம, கைத்தூண்டில் போட்ட பழக்கத்துல நூலைக் கையில சுத்திக்கிறீங்களாம். இந்தப் பின்னல் நூல் இறுகினா விரலைத் துண்டாக்கிட்டுத்தான் விடுமாம். மாமா எத்தினை தரம் சொன்னார். நீங்க சிரிச்சீங்க. பெரிய மீன் இழுத்தா உங்கட விரல் போக முந்தித் தங்கூசி போகட்டுமெண்டுதான் கட்டச் சொன்னன்."

பளீல் வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

நதீரா கிட்ட வந்து அந்தக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். உள்ளங்கையில் குறுக்காக மூன்று வெட்டு. ஒன்றில் இரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

"சஹன்ல என்ன மீன் இருந்தாலும் எனக்குப் பரவாயில்ல வாப்பா," என்றாள். "வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைட கையைப் புடிச்சு என்னை ஒப்படைக்கிறதுக்கு எனக்கு இந்தக் கை முழுசா வேணும்."