பூச்சு எந்தப் பக்கம்?

"இது நம்ம ஃபேக்டரி பிலிம்தானே?"

மேனேஜர் குலசேகரம், ஒரு முருகன் சாமி படத்தை மேசையில் வைத்தார். கேட்டில் காவல் நிற்கிற ஜாகா, நவமணியின் பையைச் சோதித்து எடுத்து வந்த படம். அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள்.

"இல்ல சார். மார்க்கெட் ஸ்ட்ரீட் கடையில சுத்திக் கொடுத்தாங்க."

முருகனைப் பார்க்காமல்தான் சொன்னாள். பச்சைப் பொய். சாப்பாட்டு நேரத்தில் ரிஜெக்ட் தொட்டியிலிருந்து எடுத்துச் சுற்றியது. குப்பைக்குப் போகிற பிலிம்தான். ஆனாலும் வெளியே கொண்டுபோனால் வேலை காலி. அந்தச் சம்பளத்தில்தான் பாகான் டாலாமில் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

வளைத்தாலும் உடையாத கால்குலேட்டர் திரைக்கான பிலிம் அது. மேலே கண்ணுக்குத் தெரியாத பூச்சு. அதில் கரண்ட் ஓடும். குலசேகரம் ஆபீஸ்காரர், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"மீட்டர் வெச்சா தெரிஞ்சிடும்லா. யோகம்மாவ வரச் சொல்லு!"

செத்தோம் என்று நினைத்தாள் நவமணி. லைன் லீடர் யோகம்மாவிடம் இரக்கம் மருந்துக்கும் கிடையாது. "பூச்சு ஒரு பக்கம்தான்டி இருக்கு! எந்தப் பக்கம்னு பாத்து வை!" என்று தினமும் கத்தித் தீர்ப்பவள்.

யோகம்மா மீட்டரோடு வந்தாள். படத்தைப் பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றினாள்.

"சாமி நெஞ்சுல மீட்டர் கம்பிய வைக்கிறதா? பாவம் சார்."

பிலிமை உரித்து மேசையில் விரித்தாள். நவமணி கண்களை இறுக மூடிக்கொண்டாள். தண்ணீர்மலை முருகா, இந்தத் தடவை மட்டும் காப்பாத்து, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்.

"பாருங்க சார், முள்ளு அசையவே இல்ல. வெறும் பாசார் கடை பிளாஸ்டிக்!"

குலசேகரத்துக்கு முகம் சுருங்கிப்போனது. "சரி சரி, ரெண்டு பேரும் போங்க."

வெளியே வந்ததும் நவமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, முருகன் கண்ணத் தொறந்துட்டாருக்கா!"

"நீதான்டி கண்ண மூடிட்டே. பிலிமைத் திருப்பிப் போட்டது நான்."

யோகம்மா அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு ரிஜெக்ட்ல பெரிசா ஒண்ணு பாத்து வை. போன வருசம் எங்க வீட்டுப் பிள்ளையாருக்குச் சுத்தினது கிழிஞ்சி போச்சு."