ஆறாவது பூச்சு

"படகு எப்பண்ணா முடியும்? நீ தண்ணில எறக்குறதுக்குள்ள நான் கெழவியாயிடுவேன் போலிருக்கே" என்றாள் தங்கை, கொட்டகை வாசலில் நின்றபடி.

விளக்கம் சொல்வதென்றால் அண்ணனுக்கு அலுக்கவே அலுக்காது.

வரைபடத்தோடு வந்த குறிப்பில் நூறு மணி நேரம் என்று போட்டிருந்தது. அது கைதேர்ந்தவன் கணக்கு. முதல் படகு கட்டுகிறவன் அதை மூன்றால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பலகை அறுக்கிற நேரத்தை எல்லாரும் எண்ணுகிறார்கள். பசை காயக் காத்திருப்பதையும், காதில் செருகிய பென்சிலை வீடெல்லாம் தேடுவதையும் எவனும் எண்ணுவதில்லை.

வார்னிஷ் இன்னும் மோசம். ஆறு பூச்சு. ஒவ்வொன்றும் காய ஒரு முழு நாள். நடுநடுவே உப்புத்தாளால் பட்டும் படாமல் தேய்க்க வேண்டும். அதற்கு முந்நூற்றிருபதாம் எண். எண் குறையக் குறையத் தாள் சொரசொரப்பு. எண்பதை எடுத்தால் போச்சு, பூச்சு மொத்தமும் உரிந்து மரம் பல்லிளிக்கும்.

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை இரண்டு வருடமாக அவள்தான் புரட்டிப் படுக்கவைக்கிறாள். வெளியூரில் அவளுக்கொரு வேலை காத்திருக்கிறது. அவர்களும் இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசியோடு சரி.

படகு முடிந்த மறுநாளே அப்பாவைத் தான் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவன் அண்ணன்தான்.

"மூணு வாரம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

உள்ளே அப்பாவின் கைமணி ஒலித்தது. அவன் அசையவில்லை. அவள்தான் திரும்பினாள்.

"அட, மறந்தே போச்சு. தாள் தீந்துடுச்சில்ல, கடைக்குப் போனப்ப வாங்கிட்டு வந்தேன்."

பையிலிருந்து உப்புத்தாள் கட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

அவன் அதைக் கையில் எடுத்தான். இவளைப் போய்...

கட்டைப் பிரித்து, பழக்கதோஷத்தில் தாளின் முதுகைத் திருப்பிப் பார்த்தான்.

எண்பது.

காய்ந்த ஆறாவது பூச்சை மூன்று முறை சுரண்டியெடுத்து, நேற்றோடு தேய்ந்து, கருவிப்பெட்டிக்கு அடியில் அவன் ஒளித்துவைத்திருந்த தாளின் அதே எண்.

கைமணி மறுபடி ஒலித்தது.

இந்த முறை அவள் காலடிச் சத்தம் கேட்கவில்லை.