சுடாத கால்

போன மாசியில் செங்கல் சூளைக்காரன் சென்றாயன் அம்மன் கோயில் தீக்குண்டம் மிதித்தபோது கால் சுடவேயில்லை. அம்மன் அருள் என்று ஊரே கும்பிட்டது. சர்க்கரை நோயால் கால் மரத்திருந்தது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அதற்குள் கொப்புளம் அழுகி, இடதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்ததை அவன் மனைவி அத்தாயி துணியில் சுற்றி வாங்கிவந்து சுடுகாட்டோரம் புதைத்தாள்.

வலதுகாலாவது தப்ப வேண்டுமே என்பதுதான் இப்போது கவலை. அதைச் சோதிக்க நர்ஸ் சரிதா வீட்டுக்கு வந்தாள்.

"கண்ண மூடிக்குங்கண்ணா. நூல்ல தொடுவேன். தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. "ஆமாங்க," என்றான். ஐந்து முறை சொன்னான்.

"ஏனுங்கண்ணா, பத்து எடத்துல தொட்டேன், வாயே தொறக்கல. நான் கைய எடுத்தப்பறம் ஆமாங்கறீங்க?"

அவனுக்கு அத்தாயி மேல் சந்தேகம் வந்தது. "ஏம்புள்ள, நீதான வெளையாடறே?"

"ரெண்டு கையிலயும் கோழியப் புடிச்சுட்டு வாசப்படில நிக்கறனுங்க. எதுல தொடறது, மூக்குலயா?"

அவன் கண்ணைத் திறந்தான். கோழி அத்தாயி கையில்தான் இருந்தது. சரிதா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

இல்லாத இடதுகாலில் யாரோ விரலிடுக்கு மண்ணை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சுண்டுவிரல் வரை துடைத்து முடித்தார்கள். அப்புறம் வலதுகாலின் கட்டைவிரலைப் பிடித்தார்கள். மரத்துப்போன அந்தக் காலில் பிடி நன்றாகவே தெரிந்தது.